வன்குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு: மருத்துவமனை வாசல் முதல் வங்கிக் கணக்கு வரை

"கேஸ் முடியட்டும், குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கட்டும், பணமெல்லாம் அப்புறம்தான் வரும்." வெட்டுப்பட்டவரின் மனைவியிடமும், கொலையுண்ட பெண்ணின் தாயிடமும், பாலியல் வன்முறைக்கு ஆளான சிறுமியின் தந்தையிடமும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அது தவறு. பாதிக்கப்பட்டவருக்கு அரசு தர வேண்டிய இழப்பீட்டுக்கும் குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனைக்கும் சட்டம் முடிச்சுப் போடவில்லை. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், பிடிபட்டவர் விடுதலையாகிவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் பெரும்பாலும் அது தானாக வந்து சேர்வதில்லை. எழுத்தில் கேட்க வேண்டும், சீக்கிரம் கேட்க வேண்டும், கேட்பதற்கு ஆதாரமான காகிதங்களை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

யாருடைய பணம், எந்தச் சட்டம்

நீதிமன்றத் தீர்ப்புகளில் 'இழப்பீடு' என்ற ஒரே சொல் இரண்டு வேறு பணங்களைக் குறிக்கிறது. முதலாவது, குற்றவாளி தன் கையிலிருந்து கட்டும் அபராதத்திலிருந்தோ, அவர் தர வேண்டும் என்று நீதிமன்றம் தனியாக உத்தரவிடும் தொகையிலிருந்தோ வருவது. அது தண்டனைக்குப் பிறகுதான் வரும். கட்ட வசதியில்லாத குற்றவாளி என்றால் வராமலே போகலாம். இரண்டாவது, மாநில அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து சட்டப் பணிகள் ஆணைக்குழு வழங்குவது. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

அந்த இரண்டாவது பணத்துக்கான உரிமை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவாக 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சட்டத்தின் 396ஆவது பிரிவாக அது தொடர்கிறது. நீதிமன்றம் பரிந்துரைத்தால் தொகையைத் தீர்மானிப்பது மாவட்ட அல்லது மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வேலை. வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். குற்றவாளி அடையாளம் தெரியாமல் விசாரணையே நடக்காத நிலையில், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருந்தவர்களோ நேரடியாக ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். மனு வந்தால் இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடித்து உத்தரவிட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

எந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும்

மனு எழுத உட்காருவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தவறான திட்டத்தின் பெயரைப் போட்ட மனு, திருத்திக் கொண்டுவரச் சொல்லித் திரும்பி வரும்.

பாதிக்கப்பட்டவர் பெண் என்றால், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் வகுத்த, பாலியல் வன்முறையாலும் பிற குற்றங்களாலும் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் பொருந்தும். உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, 2018 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் குறைந்தபட்ச அளவுகோலாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. மாநிலங்கள் அதற்கு மேல் கொடுக்கலாம், கீழே இறங்கக் கூடாது.

பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால், தமிழ்நாடு அரசு 2013இல் அறிவித்த பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். அதற்குத் தனி அட்டவணை உண்டு. கீழே நான் சொல்லப்போகும் பெண்கள் திட்டத் தொகைகளை அதற்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருந்தால், சிறுவனானாலும் சிறுமியானாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் சிறப்பு நீதிமன்றமே இழப்பீட்டுக்கு உத்தரவிடும். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் மீது அச்சமூகங்களைச் சேராதவர் செய்த வன்கொடுமை என்றால், மாவட்ட நிர்வாகம் தர வேண்டிய தனி நிவாரணம் ஒன்றும் உண்டு. போக்சோவுக்கும் வன்கொடுமை நிவாரணத்துக்கும் பின்னால் வருகிறேன்.

சாலை விபத்துகள் இதில் சேரா. அவற்றுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தனியாக இருக்கிறது.

முதல் நாள்: மருத்துவமனைப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது

இழப்பீட்டு மனுவின் முதல் பக்கம் உண்மையில் மருத்துவமனையில்தான் எழுதப்படுகிறது. அடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார், எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வது இதைத்தான். யாரால், எதனால், எப்போது, எங்கே காயம் ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்பது அதில் ஒரே வரியில் இருக்கும். கணவன் கட்டையால் அடித்து மணிக்கட்டு முறிந்த பெண்ணை அழைத்துவரும் மாமியார், "மாடிப்படியில் விழுந்துட்டா" என்று சொல்லிவிட்டால், பதிவேட்டிலும் 'தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது' என்றே இருக்கும். இரண்டு வாரம் கழித்துப் புகார் கொடுக்கும்போது எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். ஆகவே நினைவு இருக்கும் நிலையில் காயம்பட்டவரே மருத்துவரிடம் நேரடியாகப் பேச வேண்டும். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். அடித்தவர் பெயர் தெரிந்தால் பெயரையும், தெரியாவிட்டால் எத்தனை பேர், என்ன ஆயுதம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அமில வீச்சுக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களுக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 397ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. தர மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க, பி.என்.எஸ். எனப்படும் புதிய தண்டனைச் சட்டத்தின் 200ஆவது பிரிவு வழிசெய்கிறது. முன்பணம் கட்டச் சொல்லும் வரவேற்பு மேசையில் இந்த இரண்டு எண்களையும் சொன்னால் பேச்சின் தொனி மாறும். அமில வீச்சு வழக்குகளில் இலவச சிகிச்சை என்பது மருந்து, உணவு, படுக்கை, பின்னர் தேவைப்படும் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை அனைத்தையும் சேர்த்தே என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தெளிவாக்கியது. முதலில் சேர்த்த மருத்துவமனை, இவர் அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர் என்று ஒரு சான்று தர வேண்டும்; அதைக் கேட்டு வாங்குங்கள், அடுத்தடுத்த அறுவைச் சிகிச்சைகளுக்கு அதுதான் சாவி.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடக் கூடாது. காயங்கள் ஆறுவதற்குள் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

காவல் நிலையம்: சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது

புகார் கொடுத்ததும் கையில் ஒரு சிறு ரசீதைக் கொடுத்து "விசாரிக்கிறோம்" என்று அனுப்பிவிடுவது நம் காவல் நிலையங்களில் சாதாரணம். அது சி.எஸ்.ஆர்., அதாவது மனு வந்ததற்கான பதிவு மட்டுமே. இழப்பீட்டு மனுவோடு வைக்க வேண்டியது முதல் தகவல் அறிக்கை, பேச்சு வழக்கில் எஃப்.ஐ.ஆர். வித்தியாசத்தை ஒரு நொடியில் கண்டுபிடிக்கலாம்: எஃப்.ஐ.ஆரில் குற்ற எண்ணோடு சட்டப் பிரிவுகளும் அச்சிடப்பட்டிருக்கும். ஆறு மாதம் சி.எஸ்.ஆர். ரசீதைப் பாலிதீன் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வழக்கு நடக்கிறது என்று நம்பிக் காத்திருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயரில் வழக்கே பதிவாகியிருக்கவில்லை.

எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் தந்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 173ஆவது பிரிவு. சம்பவம் வேறு காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். காவல் துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகல்கள் கிடைக்கும் என்று சொல்வார்கள். பாலியல் குற்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். அங்கே ஏற்றப்படாது, ஏற்றவும் கூடாது. அதைக் கையில்தான் வாங்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். எலும்பு முறிந்திருக்கச் சாதாரணக் காயத்துக்கான பிரிவு மட்டும் போட்டிருந்தால், காயச் சான்று வந்ததும் பிரிவை மாற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். கொடுங்காயமா சாதாரணக் காயமா என்பதே பின்னால் அட்டவணையில் நீங்கள் எந்த வரியில் வருவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமை காவல் துறைக்கு இப்போது உண்டு. அந்தத் தகவலையும் எழுத்திலேயே கேளுங்கள்.

இடைக்கால நிவாரணம்: பலரும் கேட்காமல் விடுவது

இறுதித் தொகை வரும் வரை அடுப்பு எரிய வேண்டுமல்லவா? அதற்காகத்தான் இடைக்கால நிவாரணம். பெண்களுக்கான திட்டத்தில், மனு வந்தவுடனேயே 5,000 ரூபாயை, தேவைக்கேற்ப 10,000 ரூபாய் வரை, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் வழங்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு மேல் தரப்படும் இடைக்காலத் தொகை, அட்டவணையில் அந்தப் பாதிப்புக்குச் சொல்லப்பட்ட உச்சத் தொகையில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பாலியல் வல்லுறவுக்கு உச்சத் தொகை 7 லட்சம் என்பதால், இடைக்கால நிவாரணம் 1,75,000 ரூபாய்க்குக் குறைவாக இருக்கக் கூடாது என்று பொருள். அமில வீச்சு என்றால் கணக்கு இன்னும் இறுக்கமானது: ஆணைக்குழுவின் கவனத்துக்கு வந்த பதினைந்து நாளுக்குள் 1 லட்சம், அடுத்த இரண்டு மாதத்துக்குள் மேலும் 2 லட்சம்.

இதற்குக் குற்றப்பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். நகலும் மருத்துவக் காகிதமும் இருந்தால் போதும். இறுதி இழப்பீட்டு மனுவிலேயே 'இடைக்கால நிவாரணமும் கோருகிறேன்' என்று தனிப் பத்தியாக எழுதிவிடுங்கள். கோரிக்கை கண்ணில் படும்படி இருந்தால் உத்தரவும் தனியாக வரும்.

மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர். அன்றாடம் நடத்துபவர் செயலாளர், அவரும் ஒரு நீதிபதிதான். தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப் பணிகள் குழுக்கள் உண்டு. மாவட்டத் தலைநகருக்குப் போக முடியாதவர்கள் அங்கே விசாரித்து வழி கேட்கலாம். கட்டணமில்லாத 15100 என்ற எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே நீதிமன்ற வாசலில் 'வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்' என்று வருபவர் உங்களுக்குத் தேவையில்லை.

பெண்கள் திட்டத்தில் மனுக் கொடுப்பதற்கான கால வரம்பு, சம்பவம் நடந்த நாளிலிருந்தோ விசாரணை முடிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டுகள். தாமதமானாலும் தக்க காரணம் சொன்னால் மன்னிக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு. பெண்கள் திட்டப்படி பாதிக்கப்பட்டவரோ சார்ந்திருந்தவரோ மட்டுமல்லாமல் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் மனுவை அனுப்பலாம். பாலியல் வல்லுறவு, அமில வீச்சு போன்ற குற்றங்களின் எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல் துறையே ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும், அதை வைத்து ஆணைக்குழு தானாகவும் தொடங்கலாம். இருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள்.

மனுவின் உள்ளடக்கம்தான் இந்த வேலையில் பெரும்பகுதி. நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவை குற்றத்தை விரிவாகவும் இழப்பைச் சுருக்கமாகவும் சொல்கின்றன. இப்படி ஒரு வரி: 'எதிரி என்னை அரிவாளால் வெட்டியதில் எனக்குப் பெருத்த நஷ்டமும் மன உளைச்சலும் ஏற்பட்டது.' குற்றம் எப்படி நடந்தது என்பது எஃப்.ஐ.ஆரில் ஏற்கெனவே இருக்கிறது. தொகையைத் தீர்மானிப்பவருக்குத் தெரிய வேண்டியது, அந்த வெட்டு இந்த மனிதரின் வாழ்க்கையில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்பது. அதே மனுவை இப்படி எழுதினால் வேறுபாடு தெரியும்:

'நான் தையல் வேலை செய்து நாளொன்றுக்குச் சுமார் 450 ரூபாய் ஈட்டி வந்தேன். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் துண்டிக்கப்பட்டதால் கத்தரி பிடிக்க முடியவில்லை. சம்பவ நாளிலிருந்து இன்று வரை எனக்கு வருமானம் இல்லை. என்னைக் கவனித்துக்கொள்வதற்காக என் தாயார் நாற்பது நாள் கூலி வேலைக்குச் செல்லவில்லை. பன்னிரண்டு முறை மருத்துவமனைக்குச் சென்றுவர ஆட்டோ, பேருந்துச் செலவு 3,600 ரூபாய். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டு மாதம் பள்ளிக்குச் செல்லவில்லை.'

காயத்தின் கடுமை, சிகிச்சைச் செலவு, படிப்போ வேலையோ தடைப்பட்டது, குற்றவாளியோடு இருந்த உறவு, குற்றம் ஒருமுறையா தொடர்ந்து நடந்ததா, கர்ப்பமோ நோய்த்தொற்றோ ஏற்பட்டதா, ஊனம் ஏற்பட்டதா, குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று பெண்கள் திட்டமே பட்டியலிடுகிறது. மரணம் என்றால் இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கை. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி என்ற கணக்கில் எழுதினால், தொகையை உயர்த்துவதற்கான காரணங்களை நீங்களே செயலாளரின் கையில் கொடுத்ததாகிவிடும். அரசு மருத்துவமனையில் பில் இருக்காது என்பதால் செலவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வெளியே வாங்கிய மருந்து, துணைக்கு இருந்தவரின் இழந்த கூலி, போக்குவரத்து எல்லாமே செலவுதான். சம்பளச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளி நல வாரிய அட்டையையோ நூறு நாள் வேலை அட்டையையோ மேஸ்திரியிடம் வாங்கிய கடிதத்தையோ வைக்கலாம்.

வேறு திட்டத்தில் ஏற்கெனவே பணம் வந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அதைத் தொகையில் கணக்கில் கொள்வார்கள்; மறைத்தது பின்னால் தெரிந்தால் மனு முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இணைக்க வேண்டிய காகிதங்கள்

எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி அல்லது காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனம் இருந்தால் அரசு மருத்துவக் குழுவின் சதவீதச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், குற்றப்பத்திரிகையோ தீர்ப்போ வந்திருந்தால் அதன் நகல். மரணம் என்றால் இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று ஆகியவை சேரும். எல்லாவற்றுக்கும் இரண்டு படி எடுத்து, ஒரு படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சான்றில் ஒரு பொறி இருக்கிறது. மனைவியைக் கொன்றவர் கணவனே என்றால், வாரிசுச் சான்றில் கணவன் பெயரும் இருக்கும். வருவாய்த் துறை உறவை மட்டுமே பார்க்கும், வழக்கைப் பார்க்காது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்தை அடைய முடியாது என்கிறது. இழப்பீட்டு மனுவிலும் 'வாரிசுச் சான்றில் வரிசை எண் 1இல் உள்ளவரே இவ்வழக்கின் முதல் எதிரி. குழந்தைகளின் பங்கை அவர் பொறுப்பில் விடக் கூடாது' என்று பாட்டியோ தாத்தாவோ தெளிவாக எழுத வேண்டும். பெண்கள் திட்டத்தில் சார்ந்திருப்பவர் என்பதில் கணவன், தாய், தந்தை, தாத்தா, பாட்டி, திருமணமாகாத மகள், வயதுக்கு வராத குழந்தைகள் ஆகியோர் அடங்குவர்.

வங்கிக் கணக்கு சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் உத்தரவு வந்த பிறகும் பணம் வராமல் நிற்பதற்கு இதுவே காரணமாகும். ஆதாரில் 'எஸ். முத்துலட்சுமி', வங்கியில் 'முத்துலட்சுமி சுப்பையா', எஃப்.ஐ.ஆரில் 'முத்துலெட்சுமி க/பெ மாரியப்பன்' என்று இருந்தால் மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அலைய நேரிடும். தலைப்பெழுத்து நம் ஊர்ச் சாபம். மனுவுக்கு முன்பே ஆதாரையும் வங்கிப் பெயரையும் ஒன்றாக்கிவிடுங்கள். முழு அடையாளச் சான்று தராமல் திறந்த சிறு கணக்கில் எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, ஓராண்டில் மொத்த வரவும் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட கணக்கு என்றால் கே.ஒய்.சி. கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிட்டு மனுக் கொடுங்கள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். மனுவிலும் உத்தரவிலும் கடித உறையிலும் பெயர் வெளித்தெரியாமல் கையாள வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைப்பது நல்லது.

விசாரணையும் தொகையும்

மனுவைப் பெற்ற பிறகு ஆணைக்குழு காவல் நிலையத்திடமும் மருத்துவமனையிடமும் அறிக்கை கேட்கும்; உங்களையும் அழைக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை எதுவும் அங்கே கிடையாது; பயப்பட வேண்டாம்.

பெண்களுக்கான 2018 அட்டவணையில் உயிரிழப்புக்கும் கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கும் 5 முதல் 10 லட்சம் ரூபாய். பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம். அமிலத்தாலோ தீயாலோ முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். எண்பது சதவீதமும் அதற்கு மேலும் நிரந்தர ஊனம் ஏற்படுத்தும் உறுப்பிழப்புக்கு 2 முதல் 5 லட்சம். தாக்குதலால் கருக்கலைந்தால் 2 முதல் 3 லட்சம். மறுவாழ்வு தேவைப்படும் கொடுங்காயத்துக்கோ மனப் பாதிப்புக்கோ 1 முதல் 2 லட்சம். ஒருவர் இரண்டு மூன்று வரிகளில் வந்தால் அவற்றைக் கூட்டிக் கேட்கலாம். வல்லுறவும் அதனால் ஏற்பட்ட ஊனமும் தனித்தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். மனுவில் அந்தக் கூட்டலை நீங்களே போட்டுக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டவர் வயதுக்கு வராதவர் என்றால் வரம்புகள் ஐம்பது சதவீதம் கூடும்.

தொகை முழுவதும் ஒரே நாளில் கைக்கு வராது. 25 சதவீதத்தை எடுத்துச் செலவு செய்யலாம், 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு வைப்புநிதியில் இருக்கும். 4 லட்சம் கிடைத்தால் கையில் 1 லட்சம், வைப்பில் 3 லட்சம். வட்டி மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் விழும். படிப்புக்கோ சிகிச்சைக்கோ முன்கூட்டியே தேவைப்பட்டால் ஆணைக்குழுவிடம் காரணம் சொல்லிப் பெறலாம். உறவினர்கள் கைமாற்றுக் கேட்டு வரிசையில் நிற்கும் வீடுகளில் இந்த வைப்புநிதி ஒரு காவல்தான் என்பது என் எண்ணம். ஆனால் கடனில் மூழ்கியிருக்கும் குடும்பத்துக்கு இது கண்ணுக்கு எட்டியும் கைக்கு எட்டாத பணமாகிவிடுகிறது. அப்படியானால் சிகிச்சைக்காக வாங்கிய கடனின் விவரத்தை மனுவிலேயே தெரிவித்து, கூடுதல் தொகையை உடனே விடுவிக்கக் கேளுங்கள்.

குழந்தைகளும் போக்சோ நீதிமன்றமும்

போக்சோ வழக்கில் மனு போக வேண்டிய இடம் சிறப்பு நீதிமன்றம். 2020ஆம் ஆண்டு விதிகளின் 9ஆவது விதிப்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான பின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீட்டுக்கு அந்த நீதிமன்றம் உத்தரவிடலாம். குற்றவாளி விடுதலையானாலும், கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் இறுதி இழப்பீடு வழங்கலாம். உத்தரவு கிடைத்த முப்பது நாளுக்குள் மாநில அரசு பணத்தைத் தர வேண்டும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று 8ஆவது விதி சொல்கிறது. அரசு வழக்கறிஞர் தானாக மனுப் போடுவார் என்று காத்திருக்காமல், முதல் வாய்தாவிலேயே பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் உள்ளிட்ட உடற்காய வழக்குகளில் தீர்ப்பளிக்கும்போது இழப்பீட்டுக்கும் உத்தரவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அமர்வு நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தீர்ப்பில் அது இல்லையென்றால் இதைச் சுட்டிக்காட்டலாம். குழந்தைக்கு வரும் தொகையில் எண்பது சதவீதம் வயதுக்கு வரும் வரை வைப்பில் இருக்கும்.

வன்கொடுமை நிவாரணம்

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கு மத்திய அரசின் விதிகள் 2016இல் திருத்தப்பட்டபோது நிவாரணம் 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021இல் அதை 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்தி அறிவித்தது. பணம் கட்டம் கட்டமாக வரும்: கொலை என்றால் பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. பாலியல் வல்லுறவு என்றால் மருத்துவப் பரிசோதனைக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகையின்போது கால் பங்கு, விசாரணை முடிந்ததும் கால் பங்கு. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, குழந்தைகளின் பட்டப்படிப்பு வரையிலான செலவு ஆகியவையும் விதிகளில் உண்டு. அவற்றைக் கேட்காமல் ரொக்கத்தோடு திரும்பிவிடுகிற குடும்பங்களே அதிகம். இதற்கான மனு மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் போக வேண்டும். எஃப்.ஐ.ஆரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். ஆகவே சாதிச் சான்றைப் புகாரோடு சேர்த்தே கொடுங்கள்.

சமரசம் பேச வருபவர்கள்

குற்றப்பத்திரிகை போன பிறகு ஊர்ப் பெரியவர்கள் துணையோடு எதிரி தரப்பு ஒரு தொகையோடு வரும். அது இழப்பீடு அல்ல. சாட்சி சொல்லாமல் இருப்பதற்கான விலை. வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியாகிவிட்டால், பொய்ச்சாட்சி நடவடிக்கைக்கு இடம் கொடுத்ததாவதோடு, இழப்பீட்டுக்கான பரிந்துரையும் பலவீனமாகிவிடும். மிரட்டல் இருந்தால் விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

குறைத்துக் கொடுத்தாலோ, தாமதித்தாலோ

உத்தரவின் நகலை வாங்கி, எந்தப் பாதிப்பு கணக்கில் வரவில்லை என்று முதலில் பாருங்கள். பெண்கள் திட்டத்தில் செயலாளரின் உத்தரவு போதாது என்றால், அது கிடைத்த முப்பது நாளுக்குள் ஆணைக்குழுத் தலைவரான மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதையும் மன்னிப்பார்கள். ஊனச் சதவீதம் முதலில் குறைவாக மதிப்பிடப்பட்டு, பின்னர் உயர்ந்திருந்தால் புதிய சான்றோடு போங்கள்.

இரண்டு மாதம் கடந்தும் உத்தரவே இல்லையென்றால், முத்திரையிட்ட உங்கள் நகலைக் காட்டி ஒரு நினைவூட்டலும், சென்னையிலுள்ள மாநில ஆணைக்குழுவின் உறுப்பினர் செயலாளருக்கு ஒரு படியும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். உத்தரவு வந்தும் நிதி ஒதுக்கீடு வரவில்லை என்ற பதில் கிடைத்தால், அதை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். அதற்கும் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, முதல் மனுவை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதாகவே இருக்கும். அதற்கான பதில் உங்கள் கையிலுள்ள நகலில் விழுந்த அந்த முத்திரையில் இருக்கிறது.